மானின் மறமும் வில்லோன் அறமும்

மான் என்று சொன்ன அளவிலே நம்மில் பெரும்பாலோர் நெஞ்சில் எழுவது மருட்சி ஒன்றுதான். மருண்ட விழி, துள்ளிய ஓட்டம், அஞ்சிய பார்வை என்று பெண்ணுக்கு உவமை சொல்லியே பழகிய நாவுக்கு, மானுக்குக் கொம்பு உண்டு என்பதும், அக்கொம்பு அழகுக்காக மட்டும் வளர்ந்ததன்று என்பதும் மறந்தே போயின. இம்மறதி உவமையோடு நின்றிருந்தால் நாம் கவலை கொள்ள வேண்டியதில்லை. வேட்டை அறமா, அன்றா என்னும் வினா எழும்போது, அதற்கு விடை காண முற்படுவோரையும் இம்மறதி வழி தவறச் செய்கிறது. ஆகவே, மானின் இயல்பையும் வில்லோனின் கடமையையும் நம் முன்னோர் எவ்வாறு கண்டனர் என்று ஆராய்வது பயனுடைய முயற்சி எனக் கருதுகிறோம். பகலெல்லாம் அலுவலகக் கோப்புகளோடு உறவாடும் நாம் புலமை பாராட்ட வரவில்லை. மாலைப் பொழுதுகளில் பயின்றவற்றைச் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளும் ஆர்வமே இக்கட்டுரைக்குக் காரணம்.

மானின் மறம்

தமிழில் மான் என்பது ஒரு விலங்கின் பெயரன்று. ஓர் இனத்தின் பெயர். இரலை, கலை, புல்வாய், உழை, நவ்வி, மரை, கடமான் எனப் பெயர்கள் பல. தொல்காப்பியர் மரபியலில், இரலை, கலை என்னும் ஆண்பாற் பெயர்கள் புல்வாய்க்கு உரியன என்றும், கலை என்பது உழைக்கும் முசுக்குரங்கின் ஆணுக்கும் வழங்கும் என்றும் வரையறுக்கிறார். ஆணுக்குக் கலை, பெண்ணுக்குப் பிணை, குட்டிக்கு மறி என்று பெயர் பிரித்து வழங்கிய மக்கள், அவற்றின் குணத்தையும் பிரித்தே அறிந்திருத்தல் வேண்டும்.

இன்றைய விலங்கியலாரும் இதனையே விரித்துரைக்கின்றனர். புள்ளிமானும் கடமானும் ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்துப் புதிதாய் முளைக்கச் செய்வன. முளைக்கும் கொம்பின்மேல் மெல்லிய தோல் போர்த்திருக்கும். கொம்பு முற்றியதும் அத்தோலை மரத்தில் உரசிக் கழித்துவிட்டுக் கலைமான் இணைவிழைப் பருவத்துக்கு ஆயத்தமாகும். அப்பருவத்தில் அதன் கழுத்துப் பருக்கும், உணவில் நாட்டம் குறையும், காடதிரக் குரலெழுப்பும், எதிர்ப்பட்ட ஆணோடு கொம்பு பிணைத்துப் பொரும். வெளிமான் எனப்படும் இரலையோ கொம்பை உதிர்ப்பதில்லை. முறுக்கேறிய அதன் கொம்பு வாழ்நாள் முழுவதும் நிலைப்பது. முதிர்ந்த ஆண் உடல் கறுத்து, தனக்கென ஓர் எல்லை வகுத்து, அதனைச் சாணத்தாலும் கண்ணருகே சுரக்கும் நீராலும் அடையாளமிட்டுக் காக்கும். அவ்வெல்லைக்குள் புகும் பிற ஆணை அது விட்டுவைப்பதில்லை.

ஈண்டு வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. காட்டில் திரியும் கலைமான் பெரும்பாலும் மனிதனைக் கண்டு ஒதுங்கிவிடும். குட்டியிலே பிடித்து மனிதர் கையால் பாலூட்டி வளர்த்த ஆண்மானே, வளர்ந்தபின் மனிதனைத் தாக்க வல்லது. மனிதனிடத்து அச்சம் நீங்கிவிடுவதால், அவனையும் போட்டிக்கு வந்த மற்றோர் ஆணாகவே அது கருதிவிடுகிறது. சப்பான் நாட்டு நாரா நகரில் கோயில் வளாகங்களில் மக்களோடு கலந்து திரியும் மான்களுக்கு, இலையுதிர் காலத்தில் கொம்பறுக்கும் விழாவே நடத்துகின்றனர். பதினேழாம் நூற்றாண்டு முதலாகவே வரும் வழக்கம் அது. மான் சினங்கொள்ளாது என்று அவ்வூரார் எண்ணியிருப்பின் அவ்விழா தோன்றியிராது.

நம் முன்னோரும் அவ்வாறு எண்ணவில்லை. வெற்றித் தெய்வமாகிய கொற்றவைக்கு அவர்கள் அளித்த ஊர்தி எது? கலைமான். சிலப்பதிகார வேட்டுவ வரியில் எயினர்கள் தங்குலக் குமரியைக் கொற்றவையாக ஒப்பனை செய்து, முறுக்குண்ட கொம்புடைய கலையின்மேல் ஏற்றுகின்றனர். தஞ்சைக்கு அருகில் புள்ளமங்கைக் கோயிலில் உள்ள சோழர் காலத்துத் துர்க்கைச் சிற்பத்தில் ஒருபுறம் சிங்கமும் மறுபுறம் கலைமானும் நிற்கக் காண்கிறோம். அஞ்சி ஓடுவது மட்டுமே மானின் இயல்பு என்று கருதிய சமுதாயம் அதனைப் போர்த்தெய்வத்தின் பக்கத்தில் சிங்கத்துக்கு இணையாக நிறுத்தியிருக்குமா?

அதே கலையின் அன்பையும் அவர்கள் காணத் தவறவில்லை. நிழலற்ற பாலையில் வாடும் பிணைக்குத் தன் உடல் நிழலையே கொடுத்து நிற்கும் கலையைப் பாலை பாடிய பெருங்கடுங்கோ கலித்தொகையில் காட்டுகிறார். சுனையில் எஞ்சிய சிறிதளவு நீர் இருவர்க்கும் போதாது என்றறிந்து, பிணை பருகட்டும் என்று தான் பருகுவதுபோல் பாவனை செய்யும் கலையை ஐந்திணை ஐம்பதில் மாறன் பொறையனார் காட்டுகிறார். போரும் அன்பும் ஒரே விலங்கின் இரு பக்கங்கள். இரண்டையும் சேர்த்துக் கண்டதே சங்க மரபின் சிறப்பு. பிற்காலத்தார் மருட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை நழுவவிட்டனர் என்பது நம் குற்றச்சாட்டு.

இரு பிழைக் கருத்துகள்

இந்த ஒருபக்கப் பார்வையால் விளைந்த பிழைகள் இரண்டு. மான் பேதை விலங்கு, ஆதலால் அதனைக் கொல்வது பாவம் என்பது முதலாவது. இதன்படி, பேதையல்லாத விலங்கைக் கொல்வது பாவமன்று என்றாகிவிடும். மானும் தாக்கும், பயிரை அழிக்கும், ஆதலால் அதனை எய்வது வீரம் என்பது இரண்டாவது. முதற்கருத்து இரக்கத்தை அச்சத்தின்மேல் கட்டுகிறது. இரண்டாவது கொலையைச் சினத்தின்மேல் கட்டுகிறது. இரண்டுமே விலங்கின் குணத்தைப் பார்த்து மனிதனின் கடமையை அளக்க முயல்கின்றன.

இரண்டாம் கருத்தினர் சிலர், காட்டு முயலை எய்து வீழ்த்திய அம்பைக் காட்டிலும் யானையைக் குறிவைத்துத் தவறிய வேலே இனியது என்னும் வள்ளுவர் கருத்தைத் துணைக்கு அழைப்பதுண்டு. அக்குறள் நிற்கும் இடத்தை அவர்கள் நோக்குவதில்லை. அது படைச்செருக்கு அதிகாரத்தில் போர்மறவனின் பெருமிதத்தைச் சொல்ல வந்த உவமை. வேட்டைக்கு வகுத்த விதியன்று. வேட்டையைப் பற்றி வள்ளுவர் மனத்தை அறிய விழைவோர் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் படிக்க வேண்டும். உவமையைச் சட்டமாக எடுத்துக்கொள்வது திறனாய்வில் பெரும்பிழை.

வில்லின் இயல்பு

வில்வேட்டைக்கெனத் தனியே ஓர் அறச்சிக்கல் உண்டு. துப்பாக்கிக் குண்டு தாக்கும் அதிர்ச்சியாலேயே பெரும்பாலும் விலங்கு வீழ்ந்துவிடும். அம்போ குருதியை வெளியேற்றிக் கொல்வது. நன்கு பாய்ந்த அம்பும் விலங்கை நின்ற இடத்திலேயே வீழ்த்துவது அரிது. அது ஓடும்; வேடன் குருதித் தடம் பற்றித் தொடர வேண்டும். குறி பிழைத்தால் புண்பட்ட விலங்கு எங்கோ ஒரு புதரில் நெடுநேரம் துன்புறும். ஆகவே வில்லோனுக்கு அண்மை வேண்டும், பொறுமை வேண்டும், எய்தபின் தொடரும் பொறுப்பும் வேண்டும். இக்காரணம் பற்றியே உலக நாடுகள் இன்றும் இதில் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. இங்கிலாந்தில் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வில்லால் காட்டு விலங்குகளைக் கொல்வதை விலக்குகிறது. டென்மார்க் நாடும் அமெரிக்க மாநிலங்களும் விதிகளுக்கு உட்பட்டு அதனை அனுமதிக்கின்றன.

நம் அகத்திணை மரபு இப்பொறுப்பை அறிந்தே வைத்திருந்தது. புனங்காக்கும் மகளிரிடம் வரும் தலைவன், தன்னிடமிருந்து தப்பிய விலங்கு இவ்வழி வந்ததோ என்று வினவுகிறான். இதனைக் கெடுதி வினாதல் என்பர். குறிஞ்சிப்பாட்டில் இதனைக் காண்கிறோம். திருக்கோவையாரில் வேழம் வினாதலும் கலைமான் வினாதலும் தனித்தனித் துறைகளாகவே அமைந்துள்ளன. அம்பு பட்ட விலங்கைத் தேடி வருதல் வேட்டுவனுக்கு இயல்பான கடமை என்று கேட்போர் ஒப்புக்கொண்டிருந்தாலன்றோ, அதனைக் காதலுக்கு ஒரு சாக்காகத் தலைவன் பயன்படுத்த முடியும்? யானை, கலைமான், வழி, ஊர், பேர் என்று வினாக்கள் மாறிக்கொண்டே போவதைக் கண்டு தோழி உண்மையை உணர்கிறாள். சாக்கு பொய்யாக இருக்கலாம். சாக்குக்கு அடிப்படையான கடமை பொய்யன்று.

வல்வில் ஓரியைப் பாடிய வன்பரணரின் புறப்பாட்டும் நோக்கத்தக்கது. ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, கலையை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்தது என்கிறார். இது நடப்பியலன்று, உயர்வு நவிற்சி என்பதை எவரும் அறிவர். ஆனால் பாட்டின் உயிர் அவ்வம்பில் இல்லை. மானிறைச்சியைப் பாணர்க்குப் பகிர்ந்தளித்த அவ்வேட்டுவன், தன் பெயரைச் சொல்லிப் புகழ்ந்தபோது நாணி நின்றான் என்னும் இடத்திலேதான் இருக்கிறது. வேட்டை விலங்கின் கொம்பைச் சுவரில் மாட்டி, அருகில் நின்று நிழற்படம் எடுத்துக்கொள்ளும் இக்காலத்துக்கு அந்நாணம் ஒரு பாடம்.

காவியங்களில் வேட்டைப் பழி

வடமொழிக் காவியங்களும் அவற்றின் வழிவந்த தமிழ்க் காவியங்களும் வேட்டையை வேறு கோணத்தில் அணுகுகின்றன. தயரதன், நீர் முகக்கும் ஒலியை யானையின் ஒலி என்று மயங்கி, காணாமலே எய்து, முனிவன் மகனைக் கொன்றான். பாண்டு, மானுருவில் துணையோடு கூடியிருந்த கிந்தமரை எய்து சாபம் பெற்றான். காளிதாசனின் துஷ்யந்தன் மானைத் துரத்தி வந்தபோது, அது தபோவனத்து மான், கொல்லலாகாது என்று தவசியர் தடுக்க, அம்பை மீட்டுக்கொண்டான். இம்மூன்றும் வேட்டையே கூடாதென்று சொல்வன அல்ல. காணாது எய்யாதே, கூடியிருக்கும்போது எய்யாதே, அடைக்கலம் புகுந்ததை எய்யாதே என எல்லைகளை வகுப்பன. கிந்தமர் பாண்டுவை நோக்கி, மானைக் கொன்றது உன் குற்றமன்று, கூட்டம் முடியும்வரை பொறாததே குற்றம் என்னும் கருத்துப்படவே பேசுகிறார்.

வாலி வதையில் இச்சிக்கல் உச்சத்தை அடைகிறது. மறைந்து எய்தது ஏன் என்று வாலி கேட்கும்போது, வான்மீகியின் இராமன் வேட்டுவர் வழக்கத்தைத் துணைக்கொள்கிறான்: மறைந்தும் வலை வீசியும் விலங்கைக் கொல்வதில் பழியில்லை என்கிறான். கம்பனிலோ மறைந்து எய்தமைக்கு விடை இராமன் வாயிலிருந்து வரவில்லை. இலக்குவன் வாயிலிருந்து வருகிறது. அதுவும் அடைக்கலம் பற்றிய விடையே அன்றி வேட்டை பற்றியதன்று. வேட்டுவனின் மறைவு, மறுவினாவுக்கு இடமற்ற நியாயம் என்று கம்பர் கருதியிருந்தால், அதனையே தம் தலைவன் வாயில் வைத்திருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது.

தமிழில் வில்வேட்டைக்குத் தெளிவாக அறம் வகுத்துக் காட்டியவர் சேக்கிழார். திண்ணனார் கன்னி வேட்டைக்குச் செல்கிறார். அம்மாரி பொழிகிறது, விலங்குகள் வீழ்கின்றன. அந்த ஆரவாரத்துக்கிடையே புலவர் ஒரு பாட்டில் நிறுத்திச் சொல்கிறார்: அவ்வேடர்கள் யானைக் கன்றுகளைத் தொடரவில்லை, சிறு குருளைகளைக் கொல்லவில்லை, கருவுற்று நடை தளர்ந்த பிணைகளை வருத்தவில்லை. கொடிய தொழிலுடையோர் என்று தாமே வருணித்த மறவர்க்குள் இவ்வரம்பைக் காண்பதில்தான் சேக்கிழாரின் பெருமை இருக்கிறது. அசோகப் பேரரசன் தன் தூண் சாசனம் ஒன்றில், சினையுற்றனவும் பாலூட்டுவனவுமாகிய ஆடு, பன்றிகளையும் ஆறு திங்கள் நிரம்பாத குட்டிகளையும் கொல்லலாகாது என்று ஆணையிட்டான். அங்கே அரசாணையாக நின்றது இங்கே வேடர் ஒழுக்கமாக நிற்கிறது. ஆணைக்கு அஞ்சி அடங்குவதினும் தானே அடங்குவது உயர்வன்றோ?

வேட்டுவன் மனைவி

இவை எல்லாவற்றினும் மேலாக நாம் போற்றுவது புறநானூற்றின் 320ஆம் பாட்டு. பாடியவர் வீரை வெளியனார். முற்றத்தில் முஞ்ஞையும் முசுண்டையும் படர்ந்து பந்தலின்றியே நிழல் செய்கின்றன. யானை வேட்டுவன் அயர்ந்து உறங்குகிறான். காட்டு மானை ஈர்ப்பதற்காக அவன் பழக்கி வைத்த பார்வைப் பிணை அங்கு நிற்கிறது. காட்டிலிருந்து வந்த தனிக்கலை ஒன்று அதனோடு கூடி விளையாடுகிறது. இதனை வேட்டுவன் மனைவி காண்கிறாள். ஓசை எழுந்தால் கணவன் விழித்துக்கொள்வான். கலையும் பிணையை விட்டு அகலும். ஆகவே அவள் அசையாதிருக்கிறாள். மான்தோலில் உலர்ந்துகொண்டிருக்கும் தினையைக் கானக்கோழியும் இதலும் கவர்ந்து உண்கின்றன. அவற்றையும் அவள் ஓட்டவில்லை.

இக்காட்சியின் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். அவள் புலால் மறுத்தவள் அல்லள். தினை காய்வதே மான்தோலின்மேல்தான். பார்வைப் பிணையைக் கட்டி வைத்ததே கலையைப் பிடிப்பதற்குத்தான். கணவனை எழுப்பியிருந்தால் அன்றைய வேட்டை வாயிற்படியிலேயே முடிந்திருக்கும். இணைவிழைப் பருவத்துக் கலை தன்னை மறந்து நிற்கும். எய்வோர்க்கு அதனினும் எளிய இலக்கு இல்லை. அதனையே தன் வலையாக அமைத்த குடும்பத்தில் பிறந்த தயக்கம் இது. அத்தயக்கத்துக்கு அவள் உணவையும் விலையாகக் கொடுக்கிறாள்.

பாண்டுவின் கதையோடு இதனை ஒப்பிடுவோம். இரண்டிலும் பொருள் ஒன்றே: கூடியிருக்கும் மானைக் கொல்லலாகாது. ஆனால் அங்கே அது அறமாவதற்கு ஒரு முனிவர் மானுருவில் மறைந்திருக்க வேண்டியிருந்தது, சாபம் வேண்டியிருந்தது, அரசகுலத்துக்கு அழிவு வேண்டியிருந்தது. வெளியனாரின் பாட்டில் அந்த மான் வெறும் மானே. சபிப்பவரும் இல்லை, கேட்பவரும் இல்லை, காண்பவரும் இல்லை. ஓர் எளிய பெண் தன் நெஞ்சுக்குத் தானே நடுவராகிறாள். அச்சம் கலவாத அறம் இது. ஆதலால் இலக்கியத் தரத்தில் வேட்டுவன் மனைவியின் பாட்டு பாண்டுவின் கதையினும் உயர்ந்து நிற்கிறது என்பது நம் துணிபு.

அகநானூற்றின் நான்காம் பாட்டில், பூவில் துணையோடு தாதுண்ணும் வண்டுகள் கலையாதிருக்கத் தேர்மணியின் நாவைக் கட்டிய தலைவனைக் குறுங்குடி மருதனார் காட்டுகிறார். அவன் அவ்வாறு செய்தது காதல் நிறைந்த நெஞ்சோடு இல்லம் திரும்பும் வழியில். இவளோ பசிக்கும் வயிற்றோடு இருந்து செய்கிறாள்.

இக்காலத்துக்கு உரியது

இன்று இந்நாட்டில் வில்லெடுத்து மான் வேட்டையாடச் சட்டம் இடந்தரவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முதல் அட்டவணையில் வைத்து முற்றிலும் காத்தது. வேறு சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட அப்போது வழியிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வழியையும் அடைத்தது. எனினும் அச்சட்டம் கண்மூடித்தனமானதன்று. தன்னையோ பிறரையோ காக்கும்பொருட்டு நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமாகாது என்கிறது. உயிருக்கும் விளைபயிருக்கும் கேடு செய்யும் சில விலங்குகளைக் குறித்து முடிவெடுக்கும் அதிகாரத்தை வனத்துறைத் தலைமை அலுவலரிடம் ஒப்படைக்கிறது. அதாவது, ஆபத்தை நீக்குவது வேறு, வேட்டை வேறு என்று பிரித்துவிட்டது. மான் தாக்குகிறது என்பதைக் காட்டி வேட்டையின் இன்பத்துக்கு நியாயம் தேடுவோர் இவ்வேறுபாட்டை மறைக்கின்றனர். கலைமானின் சினம் அதன் பருவம். மனிதன்மேல் அது தொடுத்த போரன்று. பயிரிழந்த உழவனின் துயர் உண்மையானது. அதற்கு வேலியும் இழப்பீடும் முறையான நடவடிக்கையும் வேண்டும். வீரப் பேச்சு அவனுக்கு உதவாது.

அதே போல், கிண்டியிலும் சென்னைத் தொழில்நுட்பக் கழக வளாகத்திலும் திரியும் மான்களைக் கண்டு, பேதை விலங்குதானே என்று குழந்தைகளை அருகனுப்பித் தின்பண்டம் நீட்டச் செய்வோரும், மருண்ட விழி உவமையை மெய்யென்று நம்பியவர்களே. மானை அதன் இயல்போடு விட்டு விலகி நிற்பதே அதற்கு நாம் காட்டும் மதிப்பு.

கன்னட நாட்டில் வாழும் நமக்கு இப்பொருளில் தனியுரிமையும் உண்டு. அல்சூர்ச் சோமேசுவரர் கோயிலின் தோற்றத்தையே, வேட்டைக்கு வந்து களைத்து மரத்தடியில் உறங்கிய எலகங்கத் தலைவன் ஒருவனின் கனவோடு இணைத்துக் கர்ண பரம்பரைக் கதை சொல்கிறது. பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள ஆதக்கூர்க் கல்வெட்டு, தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்ததைச் சொல்லும் அதே கல்லில், காட்டுப் பன்றியோடு பொருது மாண்ட காளி என்னும் வேட்டை நாயையும் போற்றுகிறது. கி.பி. 949-50க்குரிய அக்கல்லின் முன் நின்று, சோழன் வீழ்ந்த செய்தியை மட்டும் படித்து நகர்ந்துவிடுகிறோம். தமிழ்ச் சிவனடியார்களைக் கன்னடத்தில் ஹரிஹரர் ரகளைகளாகப் பாடினார். 1954இல் வெளிவந்த பேடர கண்ணப்பா திரைப்படமே நடிகர் ராஜ்குமாருக்குப் புகழ் வாயிலைத் திறந்தது. நம் பிள்ளைகள் பக்கத்து வீட்டிலும் பள்ளியிலும் கேட்கும் கண்ணப்பன், கண்ணை அளித்த கண்ணப்பன். குட்டியையும் சினைப் பிணையையும் விட்டு விலகிய வில்லோன் திண்ணனை அறிய அவர்கள் சேக்கிழாரிடமே வர வேண்டும். அங்கே அழைத்துச் செல்வது பெற்றோராகிய நம் கடமை.

பழந்தமிழர் வேட்டையாடினர் என்று பிள்ளைகள் கேட்டால் நாம் வெட்கி மறைக்க வேண்டியதில்லை. வீரமென்று முழங்கவும் வேண்டியதில்லை. ஆம், ஆடினர், ஆயினும் எங்கே நிறுத்த வேண்டும் என்றும் அறிந்திருந்தனர் என்று விடை சொல்வோம். சொல்லிவிட்டுப் புறநானூற்றை எடுத்து, 320ஆம் பாட்டைப் பொருளோடு படித்துக் காட்டுவோம். தினையைப் பறவைகள் தின்றால் தின்னட்டும் என்று அவள் ஏன் சும்மா இருந்தாள் என்று குழந்தை கேட்கும். அவ்வினாவுக்கு விடையை உடனே சொல்லிவிடாமல் குழந்தையையே எண்ணிப் பார்க்க விடுவோம்.